நெல் வயலில் புழுக்கள்: எண்ணிப் பார்க்கக் கற்பிப்போம்

(அறிவியல், கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே அமர்ந்திருக்கும் உங்களில் பலர் நெல் விளையும் ஊர்களில் பணியாற்றுகிறீர்கள். பள்ளிச் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் வயல். இந்தப் பக்கம் வகுப்பறை. பூச்சிகளின் உருமாற்றத்தைக் கற்பிக்கும்போது நாம் கரும்பலகையில் வண்ணத்துப்பூச்சியை வரைகிறோம். பட்டுப்புழுவைப் படத்தில் காட்டுகிறோம். முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த பூச்சி என்று மாணவர்கள் வரிசை மாறாமல் ஒப்பிக்கிறார்கள். அதே நான்கு நிலைகளும் சுவருக்கு அப்பால், அவர்கள் வீட்டு வயலிலேயே நடந்துகொண்டிருக்கின்றன. அந்தப் புழுவைப் பார்த்த அன்று மாலையே அவர்கள் வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது: மருந்து அடிப்பதா, வேண்டாமா?

அந்த முடிவில் பணம் இருக்கிறது. மருந்துக்கும் கூலிக்கும் பல வீடுகளில் கடன்தான் வாங்குகிறார்கள். அதில் உடல்நலமும் இருக்கிறது. தெளிப்பானைத் தோளில் சுமப்பவர் அப்பா; தண்ணீர் மொண்டு ஊற்றுவது பல வீடுகளில் நம் மாணவர்தான். எனவே இன்று நெல்லைத் தாக்கும் புழுக்களைப் பற்றியும், அவற்றின் சேதத்தை மாணவர்கள் எப்படி அளந்து பார்க்கலாம் என்பதைப் பற்றியும் பேசுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியும் சேதமும் களத்துக்கு வந்து சேரும் நட்டமும் ஒரே அளவு இல்லை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அறிய எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணுவது நம் பாடம்.

குருத்துப்பூச்சி

முதலில் குருத்துப்பூச்சி. தண்டு துளைப்பான் என்றும் சொல்வார்கள். இதன் தாய் அந்துப்பூச்சி மஞ்சள் நிறம்; முன்னிறக்கை ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி இருக்கும். இலையின் நுனிப் பக்கத்தில் முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடலிலுள்ள பழுப்பு நிற மயிரால் அவற்றை மூடிவிடும். தொலைவிலிருந்து பார்த்தால் இலையில் காய்ந்த சேறு ஒட்டியிருப்பது போலத் தெரியும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டை பொரிக்கும். வெளிவரும் சிறு புழு நூலிழையில் தொங்கி, காற்றில் ஆடி, பக்கத்துப் பயிருக்கும் போய்ச் சேரும். பிறகு தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும். அதன் பின் நாம் காண்பது புழுவை அன்று, அது செய்த வேலையை மட்டுமே.

பயிர் தூர் விடும் பருவத்தில் புழு உள்ளே போனால் நடுக்குருத்து காய்ந்துபோகும். சுற்றிலும் உள்ள இலைகள் பச்சையாக நிற்கும். நடுவில் ஒன்று மட்டும் வைக்கோல் நிறத்தில் இருக்கும். அதை மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிடும். அடிப்பக்கம் கடிபட்டிருப்பதை மாணவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். கதிர் வரும் பருவத்தில் புழு உள்ளே போனால் கதிர் வெளுத்து, மணி பிடிக்காமல், தலை நிமிர்ந்து நிற்கும். இதுதான் வெண்கதிர். ‘சாவி’ என்று நம் விவசாயிகள் சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

இங்கே மாணவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. புழு ஒன்றுதான், துளைப்பதும் தண்டைத்தான். அப்படியிருக்க, இரண்டு சேதமும் சமமா? இல்லை. தூர் விடும் பருவத்தில் ஒரு குருத்து போனால் நெற்பயிர் பக்கத்தில் புதுத் தூர் விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். அதற்குக் காலம் இருக்கிறது. கதிர் வந்த பிறகு போனால் அந்தக் கதிர் போனதுதான். எந்த மருந்தாலும் அதை மீட்க முடியாது. இதனால்தான் வேளாண்மைத் துறையினர் இரு பருவத்துக்கும் இரு வேறு எல்லைகளை வைத்திருக்கிறார்கள். தூர் விடும் பருவத்தில் நூற்றுக்குப் 10 குருத்துகள் காய்ந்திருந்தால்தான் நடவடிக்கை தேவை. பூக்கும் பருவத்தில் நூற்றுக்கு 2 வெண்கதிர் தெரிந்தாலே எச்சரிக்கை. இதைப் பொருளாதாரச் சேத நிலை என்கிறார்கள். மருந்துக்குச் செலவிடும் பணத்தைவிடப் புழுவால் இழக்கும் நெல்லின் மதிப்பு கூடிவிடாமல் தடுக்கும் எல்லைக்கோடு அது.

இலைச் சுருட்டுப் புழு

இரண்டாவது இலைச் சுருட்டுப் புழு. இலையை நீளவாக்கில் மடித்து, இரண்டு ஓரங்களையும் நூலால் தைத்து, உள்ளே இருந்துகொண்டு பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். இலையில் வெள்ளைக் கோடுகள் விழும். மடிப்பைப் பிரித்துப் புழுவைத் தொட்டால் நெளிந்து துள்ளும். மாணவர்கள் எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடிய புழு இதுதான். விவசாயியை முதலில் பயமுறுத்துவதும் இதுதான். வரப்பில் நின்று பார்த்தாலே வயல் வெளுத்துத் தெரியும். மறுநாளே மருந்துக் கடைக்குப் போகத் தோன்றும்.

ஆனால் நடவு செய்த முதல் சில வாரங்களில் பயிருக்கு இலை நிறைய உண்டு. புது இலையும் வந்துகொண்டே இருக்கும். சிறிது இழப்பைப் பயிர் தாங்கிக்கொள்ளும். கதிருக்கு அடுத்துக் கீழே நிமிர்ந்து நிற்கும் கடைசி இலையைக் கண்ணாடி இலை என்பார்கள். மணியில் பால் ஏறுவதற்கு அந்த இலையும் அதற்கு அடுத்த மேல் இலைகளும் செய்யும் ஒளிச்சேர்க்கை மிக முக்கியம். அதனால் தூர் விடும் பருவத்தில் 10 சதவீத இலைகள் வரை பொறுத்திருக்கலாம் என்றும், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதம் சேதமானால் கவனிக்க வேண்டும் என்றும் பரிந்துரை உள்ளது. ஒளிச்சேர்க்கைப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

இன்னொன்றையும் மாணவர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டுக் கரும்பச்சையாக நிற்கும் வயலிலும், மர நிழல் விழும் இடத்திலும் இந்தப் புழு கூடுதலாக இருக்கும். ‘பயிர் பச்சையாக இருந்தால் நல்லது’ என்று நினைக்கும் வீட்டில் இந்தச் செய்தி பயன்படும்.

கூண்டுப்புழுவும் படைப்புழுவும்

மூன்றாவது கூண்டுப்புழு. கூட்டுப்புழு என்பது வேறு, கூண்டுப்புழு என்பது வேறு என்று மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்னது எல்லா அந்துப்பூச்சிகளுக்கும் உள்ள ஒரு வளர்நிலை. பின்னது ஒரு பூச்சியின் பெயர். இது இலை நுனியைக் கத்தரித்துக் குழாய் போலச் சுருட்டி, அதற்குள் உடலை வைத்துக்கொண்டு, தண்ணீரில் மிதந்தபடி பயிருக்குப் பயிர் போகும். இதன் உடலின் இரு பக்கமும் இழை போன்ற செவுள்கள் உண்டு. செவுளால் சுவாசிக்கும் புழு என்றால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள், கைவில்லையில் காட்டுங்கள். செவுளால் சுவாசிப்பதால், வயலில் தண்ணீரை வடித்துவிட்டாலே இதன் பெருக்கம் அடங்கிவிடும். ஓர் உயிரின் உடலமைப்பை அறிந்தால் அதைக் கட்டுப்படுத்தும் வழியும் தெரியும் என்பதற்கு இது நல்ல பாடம்.

நான்காவது படைப்புழு. பெயருக்கு ஏற்றபடி கூட்டமாக வரும். நீண்ட வறட்சிக்குப் பின் பெருமழை பெய்த நாள்களில் சில ஆண்டுகளில் திடீரென்று பெருகும். பகலில் மண் வெடிப்பிலும் தூர் அடியிலும் பதுங்கியிருந்து, இரவில் நாற்றங்காலை மேயும். காலையில் பார்த்தால் மாடு மேய்ந்தது போல இருக்கும். ஒரு வயலை முடித்துவிட்டு அடுத்த வயலுக்கு நகரும். ‘பொறுத்திருந்து எண்ணிப் பார்’ என்று நான் சொல்வதற்கு இந்தப் புழு விலக்கு. நாற்றங்காலில் இதைக் கண்டால் அன்றே வேளாண்மை அலுவலரிடம் சொல்ல வேண்டும். நாற்றங்காலில் தண்ணீர் நிறையக் கட்டினால் பதுங்கியிருக்கும் புழுக்கள் மேலே வந்துவிடும். கொக்கும் மைனாவும் வாத்தும் பார்த்துக்கொள்ளும்.

ஒரே வயல், மூன்று விடைகள்

இப்போது கணித ஆசிரியர்களுக்கு. ஒரு வயலில் குறுக்குவாட்டில் நடந்து, வரப்பு ஓரத்தைத் தவிர்த்து, பத்து இடங்களில் பத்துக் குத்துகளை எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு குத்திலும் மொத்தத் தூர் எத்தனை, காய்ந்த குருத்து எத்தனை என்று எண்ணுகிறோம். வகுப்புக்காக ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். மொத்தத் தூர்கள் வரிசையாக 18, 16, 20, 17, 19, 15, 21, 18, 17, 19. காய்ந்த குருத்துகள் அதே வரிசையில் 0, 2, 1, 0, 3, 0, 1, 2, 0, 2.

மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதல் குழுவுக்கு: பத்துக் குத்தில் எத்தனைக் குத்தில் பாதிப்பு இருக்கிறது? ஆறு. அதாவது 60 சதவீதம்.

இரண்டாம் குழுவுக்கு: மிக மோசமான குத்து எது? ஐந்தாவது. 19 தூரில் 3 காய்ந்திருக்கிறது. ஏறத்தாழ 16 சதவீதம்.

மூன்றாம் குழுவுக்கு: எல்லாத் தூர்களையும் சேர்த்துப் பார்த்தால்? மொத்தம் 180 தூரில் 11 காய்ந்திருக்கிறது. ஏறத்தாழ 6 சதவீதம்.

மூன்று விடைகளும் சரியானவை, வயலும் ஒன்றே. ஆனால் மருந்து தேவையா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது மூன்றாவது எண் மட்டுமே. எல்லை 10 சதவீதம். இந்த வயல் 6 சதவீதத்தில் நிற்கிறது. இன்னும் ஒரு வாரம் பொறுத்து மறுபடி எண்ணலாம். வரப்பில் நின்று பார்ப்பவரின் மனத்தில் ‘பாதிக்கு மேல் போச்சு’ என்ற முதல் எண்தான் பதியும். அவரது கண் அவரை ஏமாற்றவில்லை. வகுக்கும் எண்ணை அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சதவீதத்தில் பகுதி எது, முழுமை எது என்று நாம் எத்தனை முறை சொல்லியும் குழம்பும் மாணவருக்கு இந்தக் கணக்கு மறக்காது. அவர் வீட்டுப் பணம் அதில் இருக்கிறது.

அடுத்த வாரம் அதே வயலில் எண்ணி, முடிவைக் கோட்டுப்படமாக வரையச் சொல்லுங்கள். கோடு ஏறினால், 10-ஐத் தொடும் முன்பே வேளாண்மை விரிவாக்க மையத்துக்குத் தகவல் சொல்லலாம். புதுத் தூர் வந்து கோடு இறங்கினால், பயிர் தன்னைத் தானே சரிசெய்துகொண்டதை மாணவர்கள் தங்கள் கையால் வரைந்து பார்த்திருப்பார்கள்.

புழுக்களைக் குறைப்பவர்கள்

பெருக்கல் படிக்கும் மாணவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரு தாய்ப்பூச்சி 100 முட்டை இடுவதாகக் கொள்வோம். பாதி பெண். எல்லாம் பிழைத்தால் அடுத்த தலைமுறையில் 50 பெண், அதற்கடுத்து 2,500, மூன்றாம் தலைமுறையில் 1,25,000 பெண் பூச்சிகள். அப்படியானால் நம் நாட்டில் ஒரு நெல்மணி மிஞ்சியிருக்கக் கூடாது. ஏன் மிஞ்சுகிறது?

வயலில் வேறு பலர் வேலை செய்கிறார்கள் என்பதே விடை. டிரைக்கோகிரம்மா என்ற குளவி இருக்கிறது. நீளம் அரை மில்லிமீட்டர் அளவுதான். அது குருத்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். புழு வர வேண்டிய இடத்திலிருந்து குளவி வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதை வளர்த்து அட்டைகளில் ஒட்டி வயலில் கட்டப் பரிந்துரைக்கிறது. குருத்துப்பூச்சிக்கு நடவு செய்த 30, 37ஆம் நாள்களிலும், இலைச் சுருட்டுப் புழுவுக்கு இதன் வேறொரு இனத்தை 37, 44, 51ஆம் நாள்களிலும் விடச் சொல்கிறது. இவை தவிரச் சிலந்திகள், தட்டான், பொறிவண்டு, இரட்டைவால் குருவி என்று பட்டியல் நீளும். வயலில் ‘T’ வடிவக் குச்சி நட்டால் இரட்டைவால் குருவி அதில் உட்கார்ந்து பறக்கும் அந்துப்பூச்சிகளைப் பிடிக்கும்.

மருந்து இவர்களையும் கொல்லும். பயிரின் முதல் மாதத்தில் இலைப்புழுவைக் கண்டு அவசரப்பட்டு அடித்தால், சிலந்தியும் குளவியும் இல்லாத வயலில் பின்னால் புகையான் பெருகும். இதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. இந்தோனேசியாவில் மருந்து அடிக்க அடிக்கப் புகையான் கூடியதைக் கண்ட அந்நாட்டு அரசு, 1986-இல் நெல்லுக்குப் பயன்படுத்திய 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. 1989-இல் அங்கே உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. வாரம் ஒருநாள் உழவர்கள் வயலில் இறங்கிப் பயிரையும் பூச்சிகளையும் எண்ணி, தாளில் வரைந்து, குழுவாகப் பேசி முடிவெடுத்தார்கள். அந்த முறை பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. நம் நாட்டிலும் நடக்கிறது.

வியட்நாமில் மீக்காங் டெல்டாவில் 1990-களின் நடுவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். விதைத்த முதல் 40 நாள்களில் இலைப்புழுவுக்கு மருந்து வேண்டாம் என்று வானொலியில் சிறு நாடகங்கள் வழியே சொன்னார்கள். ‘நாங்கள் சொல்வதை நம்ப வேண்டாம், உங்கள் வயலில் ஒரு மூலையில் மட்டும் அடிக்காமல் விட்டுப் பாருங்கள்’ என்று உழவர்களையே சோதிக்கச் சொன்னார்கள். ஒரு பருவத்தில் சராசரியாக மூன்றுக்கு மேலிருந்த தெளிப்பு, ஒன்றரை அளவுக்குக் குறைந்தது. அங்கே உழவர்களை மாற்றியது அறிவுரை என்பதைவிட அவர்கள் தாங்களே செய்து பார்த்த சோதனைதான். இது ஆசிரியர்களாகிய நமக்கும் பொருந்தும்.

வகுப்பில் செய்யக்கூடியவை

வயலுக்கு அழைத்துச் செல்ல இயலாத பள்ளிகளும் உண்டு. அவர்களுக்கு ஒரு சோதனை. முட்டைக் குவியல் உள்ள இலைத்துண்டு ஒன்றைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, வாயைப் பஞ்சால் இறுக அடையுங்கள். பத்து நாள் பாருங்கள். சிறு புழுக்கள் வரலாம், சிறு கருங்குளவிகள் வரலாம், இரண்டும் வரலாம். முன்கூட்டியே யாருக்கும் விடை தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. அதுதான் அறிவியல் சோதனை. ஐந்து குழாய் வைத்தால் எத்தனையில் குளவி வந்தது என்று எழுதி வைக்கலாம்.

காய்ந்த குருத்துள்ள தண்டு ஒன்றைப் பிளந்து பாருங்கள். புழு கூட்டுப்புழுவாக மாறும் முன் தண்டின் அடியில் ஒரு வெளியேறும் துளையைக் கடித்து, மெல்லிய இழையால் மூடி வைத்திருக்கும். ஏன்? பின்னால் வரும் அந்துப்பூச்சிக்குக் கடிக்கும் தாடை இல்லை. இந்தக் கேள்வியை மாணவர்களிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் உடனே விடை சொல்லிவிடாதீர்கள்.

அறுவடைக்குப் பின்னும் பாடம் உண்டு. புழு தண்டின் அடிப்பகுதிக்கு இறங்கித் தாளிலேயே தங்கிவிடும். அறுவடை இயந்திரம் உயரமாகத் தாளை விட்டுச் செல்லும் வயலில் எத்தனைத் தாளில் புழு இருக்கிறது என்று எண்ணலாம். தாளை உடனே மடக்கி உழ வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அப்போது புரியும். நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளி நடும் பழக்கத்தின் காரணமும், முட்டை எங்கே இடப்படுகிறது என்று தெரிந்த மாணவருக்குத் தானே விளங்கும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க வேண்டாம். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வயலில் இறங்கக் கூடாது. மருந்து அடித்து இரண்டு வாரமாவது ஆகாத வயலைத் தவிர்த்துவிடுங்கள். வாய்க்கால், பாம்பு, வெயில் மூன்றையும் கவனியுங்கள். திரும்பியதும் சோப்பு போட்டுக் கைகால் கழுவ வேண்டும். காலி மருந்துப் புட்டிகளை எவரும் தொடக் கூடாது. புட்டியில் உள்ள நிற முக்கோணத்தின் பொருளை மட்டும் எல்லா மாணவர்களுக்கும் படம் வரைந்து சொல்லிக்கொடுங்கள்: சிவப்பு மிகக் கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றாலும் அது நஞ்சுதான். தண்ணீர் மொண்டு கொடுக்கும் பிள்ளைக்கு இந்த நான்கு நிறமும் தெரிந்திருக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. மாணவரை வீட்டுக்கு அறிவுரை சொல்ல அனுப்பாதீர்கள். முப்பது ஆண்டு சாகுபடி செய்த தந்தையிடம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ‘மருந்து அடிக்காதீங்க’ என்றால் அது எடுபடாது, எடுபடவும் வேண்டியதில்லை. எண்ணிக்கையைக் கொண்டு போகட்டும். ‘அப்பா, நம்ம வயல்ல பத்துக் குத்து எண்ணினேன். நூத்தி எண்பது தூர்ல பதினொண்ணுதான் காஞ்சிருக்கு. அடுத்த வாரம் மறுபடி எண்ணட்டுமா?’ என்று கேட்கட்டும். முடிவு அவருடையது. அவர் ஒரு வாரம் பொறுத்தாலும் சரி, பிள்ளையோடு வயலில் இறங்கி மறுபடி எண்ணினாலும் சரி, எல்லை தாண்டியது தெரிந்து அலுவலரிடம் கேட்டு மருந்து அடித்தாலும் சரி, அந்த முடிவு அச்சத்தில் எடுத்ததாக இருக்காது.

இந்தச் சம்பாவில் உங்கள் பள்ளிக்கு அருகில் ஒரு வயலைத் தேர்ந்தெடுங்கள். நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து கதிர் வரும் வரை, வாரத்துக்கு ஒரு முறை, பத்துக் குத்து. ஒரு பாடவேளை போதும். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் வகுப்புக்கு அந்த நோட்டு பாடநூலாகும்.